விகாரைக் கூடத்தில் லாவோ வகுப்பு: நடத்துவோருக்கும் கற்போருக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

சிட்னியின் மேற்குப் புறநகரில் உள்ள ஒரு லாவோ புத்த விகாரையின் கூடத்தில் ஞாயிறுதோறும் நடக்கும், லாவோஸ் நாட்டு மொழியான லாவோவின் வகுப்பில் முதலில் மாணவனாக உட்கார்ந்தேன். பிறகு நாற்காலி அடுக்குபவனானேன். இப்போது பாடத்திட்டம் எழுதும் மூவரில் ஒருவனாக இருக்கிறேன். மனைவியின் வீட்டார் லாவோ பேசுவோர், நான் தமிழன். ஆகவே கற்பவர் எங்கே இடறுகிறார் என்பதையும், கற்பிப்பவர் ஏன் அதைக் கவனிப்பதில்லை என்பதையும் இரண்டு பக்கமும் நின்று பார்க்க வாய்த்தது.

இத்தகைய வகுப்புகள் மூன்றாம் மாதத்தில் கரைந்துபோவதற்குப் பிள்ளைகளின் சோம்பலைக் காரணம் காட்டுவார்கள். நான் பார்த்தவரையில் காரணம் பாடங்களின் வரிசைதான். முதல் நாளே எழுத்து அட்டவணையைச் சுவரில் மாட்டி, முதலெழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை ஓத வைத்தால், லாவோ எழுத்துமுறையின் மிகக் கடினமான முடிச்சு இரண்டாம் வாரத்திலேயே அவர்கள் கழுத்தில் விழுந்துவிடுகிறது.

லாவோ சொற்களை இங்கே தமிழ் எழுத்தில் தருவது அடையாளத்துக்காக மட்டுமே. க்ஹ, ப்ஹ, த்ஹ என எழுதியிருக்கும் இடங்களில் மெய்யோடு மூச்சும் சேர்ந்து வெளிப்பட வேண்டும். சொல்லின் பொருளையே மாற்றும் குரலின் ஏற்ற இறக்கமான தொனியைக் காட்டத் தமிழ் எழுத்தில் வழியில்லை. அதை லாவோ பேசும் ஒருவரின் வாயிலிருந்துதான் கேட்டாக வேண்டும்.

1. வருவோரை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்

வகுப்புக்கு மூன்று வகையானவர்கள் வருவார்கள். வீட்டில் லாவோவைக் கேட்டு வளர்ந்து, புரிந்துகொண்டு, ஆங்கிலத்தில் மட்டும் பதில் சொல்லும் பிள்ளைகள் ஒரு வகை. என்னைப் போலத் திருமணத்தாலோ வேலையாலோ வந்து சேர்ந்த, ஒரு சொல்லும் அறியாத பெரியவர்கள் இன்னொரு வகை. சரளமாகப் பேசியும் படிக்கத் தெரியாத இளைஞர்கள் மூன்றாம் வகை. இவர்கள் எண்ணிக்கையில் குறைவானாலும் வகுப்புக்குப் பெரும் துணை.

மூவரையும் ஒரே வட்டத்தில் உட்கார வைப்பதுதான் முதல் பிழை. கேட்டு வளர்ந்த பிள்ளையின் காதில் தொனி ஏற்கெனவே இருப்பதால், அவனுக்கு எழுத்தை விரைவில் தொடங்கலாம். புதிதாக வந்த பெரியவருக்குத் தொனியே கேட்பதில்லை. அவருக்கு எழுத்தைக் காட்டுவது, பாட்டைக் கேட்காதவனுக்கு ராகத்தின் பெயரைச் சொல்லிக்கொடுப்பது போன்றது.

பிரிப்பதற்குத் தேர்வுத்தாள் வேண்டாம். வந்தவரிடம் ஒரு மூதாட்டியை விட்டு, 'கின் க்ஹாவ் லேவ் போ?' என்று கேட்கச் சொல்லுங்கள். நம் 'சாப்பிட்டாச்சா?' என்பதற்கு நேரான விசாரிப்பு அது. லாவோவில் பதில் வந்தால் மூன்றாம் வகை, ஆங்கிலத்தில் வந்தால் முதல் வகை, விழித்தால் இரண்டாம் வகை.

2. முன்கூட்டியே திரட்ட வேண்டியவை

இடம், வெண்பலகை, குடிநீர் எல்லாம் எளிதில் அமைந்துவிடும். மறந்துபோவது வேறொன்று: நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் பதினெட்டு வயதுக்கு உட்பட்டோருடன் பணிபுரிபவர், அவர் ஊதியம் பெறாத தன்னார்வலராயினும், அரசின் சரிபார்ப்பு எண் பெற்றிருக்க வேண்டும். தன்னார்வலருக்குக் கட்டணம் இல்லை என்றாலும் அடையாளச் சான்றுகளைக் காட்டப் போய்வர நாள் பிடிக்கும் என்பதால், வகுப்பு தொடங்குவதற்கு இரண்டு மாதம் முன்பே ஆசிரியர்களை அனுப்பிவிடுங்கள்.

ஆசிரியரை இணையாகத் தேர்ந்தெடுங்கள்: ஒருவர் லாவோவைத் தாய்மொழியாகப் பேசும் மூத்தவர், மற்றவர் அதைப் பாடுபட்டுக் கற்றவர். தாய்மொழிக்காரருக்குத் தொனி எப்படி வந்தது என்று அவருக்கே தெரியாது. மாணவர் தவறாகச் சொன்னால் அதே சொல்லை இன்னும் உரக்கச் சொல்வார். கற்றவருக்கு நாக்கை எங்கே வைத்தால் சரியாகும் என்பது தெரியும். ஆனால் அவருடைய உச்சரிப்பு முன்மாதிரிக்கு உதவாது. இருவரும் சேர்ந்தால்தான் ஓர் ஆசிரியர்.

படச்சீட்டுகள் நூறு அளவில் வேண்டும். படத்தின் பின்புறம் எதுவும் எழுதாதீர்கள். ரோமன் எழுத்தில் ஒரு குறிப்பு இருந்தாலும் மாணவர் கண் அங்கேதான் போகும். காரணத்தை ஐந்தாம் பகுதியில் சொல்கிறேன்.

3. எந்த லாவோவைக் கற்பிப்பது என்பதை முடிவுசெய்யுங்கள்

பெற்றோர் கூட்டத்தில் மிகுதியாகச் சண்டை வருவது இதில்தான். ஒரு குடும்பம் லுவாங் பிரபாங்கிலிருந்து வந்திருக்கும், மற்றொன்று தெற்கே சவன்னகேத்திலிருந்து. தொனிகளின் எண்ணிக்கையும் வடிவமும் ஊருக்கு ஊர் மாறும்; தலைநகர் வியந்தியானின் பேச்சில் மட்டுமே ஐந்து என்பாரும் ஆறு என்பாரும் உண்டு.

வகுப்பில் வியந்தியான் உச்சரிப்பை வைத்துக்கொள்ளுங்கள். அது உயர்ந்தது என்பதற்காக அல்ல. ஒலிப்பதிவுகளும் அகராதிகளும் பெரும்பாலும் அதையே பின்பற்றுவதால்தான். அதே வேளையில், பிள்ளை தன் பாட்டியின் தொனியில் ஒரு சொல்லைச் சொன்னால் 'தவறு' என்று ஒருபோதும் திருத்தாதீர்கள். 'உங்கள் வீட்டில் அப்படி, புத்தகத்தில் இப்படி' என்று சொன்னால் போதும். பாட்டி தவறாகப் பேசுகிறாள் என்று நம்பத் தொடங்கும் பிள்ளை வீட்டில் வாயைத் திறப்பதில்லை.

எழுத்திலும் ஒரு தேர்வு இருக்கிறது. 1975இல் பொதுவுடைமை ஆட்சி வந்தபின் லாவோஸின் பள்ளிப் பாடங்களிலிருந்து ரகர எழுத்து நீக்கப்பட்டது. பின்னாளில் அயல்மொழிப் பெயர்களுக்காக அது திரும்ப வந்தது. அதற்கு முன் நாட்டைவிட்டு வந்த மூத்தவர்களின் கைப்பிரதிகளில் ரகரம் தாராளமாக இருக்கும். இன்றைய எழுத்துமுறையைக் கற்பித்து, பழையதைக் கடைசிப் பருவத்தில் ஒரே பாடமாக அறிமுகப்படுத்துங்கள். லாவோஸில் அச்சான பாடநூல்களை அப்படியே பயன்படுத்துவதற்கு முன் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். மூன்று தலை வெள்ளை யானை பொறித்த பழைய மன்னராட்சிக் கொடியை இன்னும் வீட்டில் வைத்திருக்கும் அகதிக் குடும்பங்கள், அந்த நூல்களில் உள்ள அரசியல் பாடங்களுக்காகவே பிள்ளையை நிறுத்திவிடக் கூடும்.

தாய் மொழிப் பாடநூல்களை, அதாவது தாய்லாந்தின் மொழியில் உள்ளவற்றைக் கடன் வாங்காதீர்கள். இரண்டும் நெருங்கிய உறவு மொழிகள் என்பதே ஆபத்து. இருபதுக்கு லாவோவில் 'சாவ்', தாய் மொழியில் 'யீ சிப்'. அன்பு லாவோவில் 'ஹக்', அங்கே 'ரக்'. தாய்த் தொலைக்காட்சி பார்த்து வளர்ந்த இளைஞர்கள் இரண்டையும் கலந்து பேசுவார்கள். வகுப்பும் கலந்து கற்பித்தால் பிரித்தெடுக்க ஆளில்லை.

4. முதல் ஆறு வாரம் காதுக்கு மட்டும்

புதியவர்களுக்கு முதல் ஆறு வாரமும் எழுத்து கிடையாது. கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு இரண்டு வாரம் போதும்.

முதல் பாடத்துக்கு 'கை' என்னும் ஒலியை எடுத்துக்கொள்ளுங்கள். தாழ்ந்த தொனியில் சொன்னால் தொலைவு. சமனான நடுத்தொனியில் சொன்னால் கோழி. உயரத்தில் தொடங்கி இறங்கினால் அருகில். மூன்று படங்களைத் தரையில் பரப்பி, மூத்தவர் ஒரு சொல்லைச் சொல்ல, மாணவர் விரலால் தொட வேண்டும். யாரும் வாய் திறக்கக் கூடாது. கேட்காத ஒலியை வாய் உருவாக்காது. முன்கூட்டியே சொல்ல வைத்தால் மாணவர் தமக்குத் தெரிந்த தட்டையான ஒலியைப் பழகிவிடுவார், அதன்பின் அதைக் கலைக்க இரட்டை உழைப்பு.

பத்துக்கு எட்டு முறை சரியான படத்தைத் தொட்டால் அடுத்த கூட்டத்துக்குப் போகலாம்: 'பா' என்பதில் மீன், காடு, பெரியம்மா, 'மா' என்பதில் வருதல், நாய், குதிரை, 'சூவா' போல ஒலிக்கும் சொல்லில் புலி, பாய், சட்டை. இந்தக் கடைசிக் கூட்டத்தை நான் மறப்பதற்கில்லை. விகாரையில் உட்காரப் பாய் கேட்டேன்; என் குரல் சொல்லின் முடிவில் தாழ்ந்து இறங்கிவிட்டது. மனைவியின் பாட்டி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, உள்ளே போய் மடித்து வைத்த ஒரு வெள்ளைச் சட்டையோடு வந்தார். நான் போட்டிருந்த சட்டை விகாரைக்குத் தகாது என்று நானே ஒப்புக்கொண்டதாக அவர் நினைத்திருக்கிறார். அது உண்மையும்கூட.

வாய் திறக்கும் கட்டம் வந்ததும் கையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏறும் தொனிக்கு உள்ளங்கை ஏற வேண்டும், இறங்கும் தொனிக்கு இறங்க வேண்டும். சிறுபிள்ளை விளையாட்டாகத் தெரியலாம். ஆனால் கை தவறாகப் போகும்போது காது தவறாகக் கேட்டது என்பது ஆசிரியருக்கு உடனே தெரிந்துவிடும்.

கேள்வி வாக்கியங்களில் ஒரு கண்ணி இருக்கிறது. கேள்வி கேட்கும்போது வாக்கியத்தின் இறுதியில் குரலை உயர்த்துவது நமக்கும் ஆங்கிலம் பேசுவோருக்கும் பழக்கம். லாவோவில் கடைசிச் சொல்லின் தொனியை அது கெடுத்துவிடும். கேள்வி என்று காட்ட இறுதியில் 'போ' என்னும் இடைச்சொல் இருக்கிறது. குரல் அந்த வேலையைச் செய்ய வேண்டியதில்லை.

5. நம் நாக்கு செய்யும் பிழைகள்

தமிழ் பேசுபவர் லாவோ கற்கும்போது சில இடங்களில் கொடுத்து வைத்தவர், சில இடங்களில் எல்லாரையும்விடப் பின்தங்கியவர்.

பின்தங்குவது மூச்சொலியில். 'பெட்' என்றால் வாத்து. மூச்சோடு 'ப்ஹெட்' என்றால் காரம். விகாரையின் அன்னதானப் பந்தியில் குழம்பு காரமா என்று கேட்கப் போய், வாத்துக் குழம்பா என்று கேட்பவர் ஆண்டுதோறும் ஒருவராவது உண்டு. உதட்டுக்கு முன்னால் மெல்லிய காகிதத்துண்டைப் பிடித்துச் சொல்லிப் பழகுங்கள்: வாத்துக்குக் காகிதம் அசையக் கூடாது, காரத்துக்கு அசைய வேண்டும்.

இரண்டாவது, நம் ஒற்றைப் பகரம். 'பம்பரம்' என்னும் சொல்லில் முதலில் வருவதும் நடுவில் வருவதும் வேறு வேறு ஒலிகள் என்பதை நாம் உணர்வதே இல்லை, ஏனெனில் இடத்தைப் பொறுத்து அவை தாமாக மாறிக்கொள்கின்றன. லாவோவில் இரண்டும் தனித்தனி எழுத்துகள். இரண்டுமே சொல்லின் முதலில் வரும். ஆடு என்னும் சொல்லுக்கு நடுவில் வரும் பகரம், மீனுக்கு முதலில் வரும் பகரம்.

மூன்றாவது பிழை ஈற்றில் நேர்வது. ஆறு என்னும் எண் 'ஹொக்'. ஈற்றுக் ககரத்தை நாக்கின் அடி அடைத்து அப்படியே நிறுத்த வேண்டும், விடுவிக்கக் கூடாது. நாம் வல்லின மெய்யில் சொல்லை முடித்துப் பழகாதவர்கள். நம்மை அறியாமல் ஓர் உகரத்தைச் சேர்த்து 'ஹொக்கு' என்போம். கேட்பவருக்கு அது இரண்டு சொற்களாகப் படும். சொல்லி முடித்ததும் வாயை மூடியபடி ஒரு கணம் இருக்கச் செய்வதே மருந்து.

கொடுத்து வைத்த இடங்கள்: 'ஙப்போல் வளை' என்று படித்தும் சொல்லின் முதலில் நாம் பயன்படுத்தாத ஙகரம், லாவோவில் மாடு, பணம், அழகு என அன்றாடச் சொற்களின் முதலில் நிற்கிறது. 'அங்ஙனம்' என்று சொல்லி, முன்பாதியை மெல்ல விழுங்கிவிட்டால் வந்துவிடும். ஆங்கிலம் மட்டும் அறிந்த பிள்ளைகள் இதற்கு ஒரு மாதம் போராடுவார்கள். அதைப்போலவே, உதட்டைக் குவிக்காமல் சொல்லும் ஓர் உயிரொலி லாவோவில் மிகுதி. 'பந்து', 'காடு' ஆகிய சொற்களின் ஈற்றில் நாம் சொல்லும் குற்றியலுகரம் அதற்கு மிக அருகில் இருக்கிறது. அதை நீட்டிச் சொல்லிப் பழகினால் நாள், படகு, வீடு ஆகியவற்றுக்கான சொற்கள் கைக்கு வந்துவிடும்.

இவை அனைத்தினாலும்தான் சொற்களைத் தமிழிலோ ரோமன் எழுத்திலோ எழுதி மனப்பாடம் செய்யாதீர்கள் என்கிறேன். தமிழில் எழுதினால் மூச்சும் தொனியும் காணாமற்போகும். ரோமன் எழுத்திலோ பிரெஞ்சு முறை ஒரு பக்கமும் ஆங்கில முறை மறுபக்கமும் இழுக்கும். பிள்ளைகளின் குடும்பப் பெயர்களே பிரெஞ்சு வழக்கில் எழுதப்பட்டிருப்பதால், அவர்களால் தம் பெயரையே அதன் எழுத்தைப் பார்த்துச் சரியாகச் சொல்ல இயலாது. முதல் ஆறு வாரம் குறிப்பேடு வேண்டாம். கைப்பேசியில் மூத்தவரின் குரலைப் பதிந்துகொண்டு போகட்டும்.

6. எழுத்துகளை இனம் பிரித்துக் கற்பியுங்கள்

லாவோவில் மெய்யெழுத்துகள் 27. ஒவ்வொன்றுக்கும் ஒரு பொருளின் பெயர் ஒட்டியிருக்கும்: 'கோ கை' என்றால் கோழிக் ககரம், 'தோ தா' என்றால் கண் தகரம். நமக்கு வல்லினம், மெல்லினம், இடையினம் இருப்பதுபோல அங்கே நடுவினம், உயரினம், தாழினம் என மூன்று. எழுத்து எந்த இனம் என்பதைப் பொறுத்தே அசையின் தொனி அமையும்.

அட்டவணை வரிசையில் போனால் கோழிக் ககரம் நடுவினம், அடுத்த முட்டைக் க்ஹகரம் உயரினம், அதற்கடுத்த எருமைக் க்ஹகரம் தாழினம். பின்னிரண்டும் ஒரே ஒலி. 'ஒரே ஒலிக்கு ஏன் இரண்டு எழுத்து?' என்று முதல் நாளிலேயே பிள்ளை கேட்பான். விடை சொல்ல முழுத் தொனி இலக்கணமும் வேண்டும். எனவே வரிசையைக் கலைத்துவிடுங்கள்.

முதலில் நடுவினம் எட்டு: கோழி, குவளை, குழந்தை, கண், ஆடு, மீன், மருந்து, கிண்ணம். இவற்றோடு ஆ, ஈ, ஊ, ஐ ஆகிய நான்கு உயிர்க்குறிகளும் இரண்டு தொனிக்குறிகளும் சேர்ந்தால், எழுத்து தொடங்கிய மூன்றாம் வாரத்தில் முழு வாக்கியம் படிக்கலாம். எங்கள் வகுப்பின் முதல் வாக்கியம் இது: 'பா பை பா டை பா.' பெரியம்மா காட்டுக்குப் போனார், மீன் கிடைத்தது என்பது பொருள். தமிழில் எழுதினால் உளறல்போல் இருக்கும் இந்த வரி, லாவோ எழுத்தில் மூன்று 'பா'வும் மூன்று வடிவத்தில் நிற்பதால் ஐயமின்றிப் படிக்கக் கூடியது. தொனிக்குறி எதற்கு என்னும் கேள்விக்கு இதைவிட நல்ல விடை நான் காணவில்லை. காட்டில் எப்படி மீன் கிடைக்கும் என்று கட்டாயம் ஒரு பிள்ளை கேட்கும். அங்கே ஓடை இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள்.

அடுத்து தாழினத்தில் இணையில்லாதவை: மாடு, கொசு, பறவை, பூனை, குரங்கு, விசிறி ஆகியவற்றின் எழுத்துகள். ரகரத்தைத் தள்ளிவைக்கலாம். வருதல், வயல், தண்ணீர், அழகு போன்ற சொற்கள் இங்கே கிடைக்கும். அசையின் ஈற்றில் வரும் மெய்களையும் இந்தக் கட்டத்தில் தொடங்கலாம்.

மூன்றாவதாகத்தான் இணைகள். உயரினம் ஆறும் தாழினத்தில் எஞ்சிய ஆறும் ஒலியில் இரட்டையர்: முட்டை–எருமை, புலி–யானை, பை–கொடி, தேனீ–மலை, மழை–நெருப்பு, வாத்தினும் பெரிய வாத்து–வீடு. ஒலி ஒன்று, தொனி வேறு. இதுவரை வந்த மாணவருக்கு இது சுமையாகத் தெரியாது. இரண்டு எழுத்துக்கும் காரணம் அவர் காதிலேயே இருக்கிறது. நிறைவாக, உயரின ஹகரத்தை முன்னே ஒட்டித் தாழின எழுத்தை உயரினமாக்கும் கூட்டெழுத்துகள் ஆறு. வருதலைக் குறிக்கும் 'மா', நாயைக் குறிக்கும் 'மா' ஆவது இப்படித்தான்.

வடிவம் ஒத்த எழுத்துகளை ஒரே நாளில் கற்பிக்காதீர்கள். ஆட்டுப் பகரத்துக்கும் மீன் பகரத்துக்கும் கோட்டின் உயரம் மட்டுமே வேறுபாடு. தேனீக்கும் மழைக்கும், மலைக்கும் நெருப்புக்கும் அப்படியே. சுழி உள்ள எழுத்தைச் சுழியிலிருந்து எழுதத் தொடங்க வேண்டும். வால் பக்கமிருந்து தொடங்கும் பிள்ளையின் எழுத்து பார்வைக்குச் சரியாக இருந்தாலும், வேகமாக எழுதும்போது சுழி காணாமற்போய் வேறு எழுத்தாகிவிடும்.

7. தொனி விதிகளை இந்த வரிசையில் சொல்லுங்கள்

தொனிக்குறி நான்கு உண்டு; அன்றாட எழுத்தில் வருபவை 'மை ஏக்', 'மை த்ஹோ' இரண்டே. முதலில் மை ஏக்கைக் கற்பியுங்கள், ஏனெனில் எந்த இனமானாலும் அது சமனான நடுத்தொனிதான். விதிவிலக்கில்லாத விதி கையில் கிடைத்தால் மாணவருக்குத் துணிவு வரும்.

அடுத்து, குறியில்லாத அசை. வியந்தியான் உச்சரிப்பில் நடுவினம் தாழ்ந்து ஒலிக்கும், உயரினம் ஏறும், தாழினம் உயர்ந்து ஒலிக்கும். இங்கே புதியவர் எல்லாரும் தடுக்கி விழுவார்கள்: தாழினம் என்ற பெயரைப் பார்த்துத் தாழ்ந்த தொனி என்று எண்ணுவார்கள். இனத்தின் பெயர் வேறு, தொனி வேறு என்று ஒருமுறை சொன்னால் போதாது. எருமை எழுத்தைக் காட்டி உயர்ந்த தொனியில் சொல்லவைத்து, பத்து முறை பழக்குங்கள்.

மூன்றாவது மை த்ஹோ: உயரினத்தில் தாழ்ந்து இறங்கும், மற்ற இரண்டிலும் உயரத்திலிருந்து இறங்கும். க, த, ப ஆகிய அடைப்பொலிகளில் முடியும் அசைகளுக்குத் தனி விதிகள் உள்ளன. அவற்றை அட்டவணையாகத் தராமல், ஏற்கெனவே வாயில் பழகிய சொற்களை அடுக்கி மாணவரையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். கேட்டு வளர்ந்த பிள்ளைகள் அரை மணியில் கண்டுபிடிப்பார்கள். பெரியவர்களுக்கு அட்டவணை இல்லாமல் தீராது என்றால், கொடுத்துவிடுவதில் தவறில்லை.

8. உயிர்க்குறிகள்

நமக்கு இது எளிது. கொம்பு மெய்யின் முன்னால் நிற்பதும், 'கொ' என்பதில் குறி இரு புறமும் அணைப்பதும் தமிழில் பழகியவை. லாவோவில் முன், பின், மேல், கீழ், சுற்றி என எல்லா இடத்திலும் குறி வரும். ஆனால் ஒலிப்பது மெய்க்குப் பிறகுதான். ஆங்கிலம் மட்டும் படித்த பிள்ளை இடமிருந்து வலமாக ஒலித்துக்கொண்டே போகும் என்பதால், மெய்யை ஒரு நிறத்திலும் குறியை வேறு நிறத்திலும் முதல் மாதம் எழுதிக்காட்டுங்கள். குறிலையும் நெடிலையும் இணையாகக் கற்பிக்க வேண்டும் என்பது தமிழருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

9. வாக்கியம்: உறவுமுறையில் தொடங்குங்கள்

லாவோ வினைச்சொல் திணை, பால், காலம் எதற்கும் உருமாறாது. சென்ற காலத்துக்கு 'லேவ்' பின்னால் வரும், வருங்காலத்துக்கு ஒரு சொல் முன்னால் வரும். எதிர்மறைக்கு 'போ' முன்னால்: 'போ பை' என்றால் போகவில்லை. அதே 'போ' வாக்கியத்தின் ஈற்றில் நின்றால் கேள்வி: 'பை போ?' என்றால் போகிறாயா? நம் காதுக்கு 'போ' என்பது ஏவலாக விழுவதால், தமிழர் சில வாரம் இதில் குழம்பியே தீர வேண்டும்.

நான், நீ என்னும் சொற்களை முதலில் கற்பிப்பது பெரும்பிழை. லாவோ வீட்டில் 'நான்' என்பதற்கும் 'நீங்கள்' என்பதற்கும் பதிலாக உறவுப்பெயரே புழங்கும். அண்ணன் 'ஆய்', அக்கா 'உவாய்' போன்றதோர் ஒலி, தம்பியும் தங்கையும் 'நோங்'. பெற்றோருக்கு மூத்த ஆண் 'லுங்', மூத்த பெண் 'பா'. இளையவர்களில் தந்தை வழியும் தாய் வழியும் பிரியும்: தந்தையின் தம்பி 'ஆவ்', தந்தையின் தங்கை 'ஆ', தாயின் தம்பி 'நா பாவ்', தாயின் தங்கை 'நா சாவ்'. சித்தப்பாவுக்கும் மாமாவுக்கும் வேறுபாடு அறிந்த நமக்கு இது புதிதில்லை. எல்லாரையும் அங்கிள், ஆன்ட்டி என்று அழைத்துப் பழகிய பிள்ளைகளுக்கு, குடும்பப் படம் ஒன்றைக் கொண்டுவரச் சொல்லி, வீட்டிலுள்ள மூத்தவரிடம் ஒவ்வொருவரையும் எப்படி அழைப்பது என்று கேட்டு வரச் செய்யுங்கள். எங்கள் வகுப்பில் வீட்டுப்பாடம் என்று கொடுத்தவற்றுள் எல்லாரும் செய்துவந்தது இது ஒன்றுதான்.

எண்ணும்போது பொருள், எண், அதன் பின் அளவைச்சொல் என்னும் வரிசை. 'லூக் சாம் க்ஹோன்' என்பதைத் தமிழில் 'பிள்ளைகள் மூன்று பேர்' என்று சொல்லுக்குச் சொல் மாற்றலாம். மனிதருக்கு மட்டும் நாம் 'பேர்' சேர்ப்பதுபோல அவர்கள் எல்லாவற்றுக்கும் சேர்க்கிறார்கள்: விலங்குக்குத் 'தோ', புத்தகத்துக்கு 'ஹுவா', பழத்துக்கு 'நுவாய்'. நாற்பது அளவைச்சொற்களைப் பட்டியலிடாமல் இந்த நான்கோடு நிறுத்துங்கள். மற்றவை பேச்சில் வந்து சேரும்.

10. படிப்பும் அச்சும்

லாவோவில் சொற்களுக்கிடையே இடைவெளி கிடையாது; தொடர் முடியும் இடத்தில்தான் இடைவெளி. சொல் தெரியாதவருக்குப் பக்கம் ஒரே நூலாகத் தெரியும். முதல் பருவத்தில் சொற்களைப் பிரித்து அச்சிடுங்கள், இரண்டாம் பருவத்தில் தொடர்களாகப் பிரியுங்கள், மூன்றாவதில் இயல்பாக விட்டுவிடுங்கள். முதலிலேயே இயல்பாகக் கொடுப்பவர் நேர்மையானவர்தான். ஆனால் அவரிடம் மாணவர் தங்குவதில்லை.

பாடத்தாள் தயாரிக்க யூனிகோடு எழுத்துருவையே பயன்படுத்துங்கள். பெட்சராத் ஓடி, நோட்டோ சான்ஸ் லாவோ இரண்டும் இலவசமாகக் கிடைக்கின்றன. பாமினி என்னும் பழைய தமிழ் எழுத்துருவில் தட்டச்சிட்ட கோப்பு வேறு கணினியில் ஆங்கிலக் குப்பையாகத் திறந்ததைப் பார்த்தவர்களுக்கு, மூத்த ஆசிரியர்களின் பழைய லாவோக் கோப்புகளும் அப்படியே திறக்கும் என்பதில் வியப்பிருக்காது. அவற்றை மாற்றுவதில் நேரத்தைத் தொலைப்பதைவிட மறுபடி தட்டச்சிடுவது விரைவு. இடைவெளி இல்லாததால் மென்பொருள் வரியைச் சொல்லின் நடுவில் உடைக்கும்; சொல் எல்லைகளில் அகலமற்ற இடைவெளிக் குறியைச் செருகினால் அது நின்றுவிடும்.

11. நாட்காட்டியும் இறுதிப் பணியும்

ஆண்டுத் திட்டம் போடும்போது விகாரையின் விழாக்களை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் நடுவில் வரும் பீ மை புத்தாண்டு, மழைக்கால விரதம் முடியும் அக்டோபர் விழா ஆகிய நாட்களில் கூடத்தில் சமையல் பாத்திரங்கள் அடுக்கப்பட்டிருக்கும், வகுப்பு நடக்காது. அதை இழப்பாகக் கணக்கிடாமல், விழாவுக்கு இரண்டு வாரம் முன்பே அங்கே தேவைப்படும் சொற்களைப் பாடமாக வையுங்கள்: மணிக்கட்டில் நூல் கட்டும்போது பெரியவர் சொல்லும் வாழ்த்து, பந்தியில் ஒட்டரிசிச் சோறு கேட்கும் முறை, மூத்தவர் அழைத்தால் பணிவாக 'டோய்' என்று குரல் கொடுப்பது. மறுவாரமே பயன்படும் பாடம் மறப்பதில்லை.

ஆண்டிறுதியில் தேர்வுக்குப் பதிலாக ஒரு பணி கொடுக்கிறோம். லாவோஸிலோ இங்கேயோ இருக்கும் ஓர் உறவினருக்கு மாணவர் தம் கைப்பட ஐந்து வரி எழுதி, அதைப் படம்பிடித்துக் கைப்பேசியில் அனுப்ப வேண்டும். ஆசிரியர் திருத்தக் கூடாது, எழுத்துப்பிழையோடு போகட்டும். பதில் குரல்செய்தியாகத்தான் வரும், ஏனெனில் மூத்தவர்கள் தட்டச்சிட விரும்புவதில்லை. அந்தக் குரலை வகுப்பில் ஒலிக்கவிட்டு, மாணவர் தாம் கேட்டதை எழுதிக்காட்ட வேண்டும். எங்கே மை ஏக்கை விட்டுவிடுகிறார், எந்த ஈற்றெழுத்தில் தயங்குகிறார் என்பதெல்லாம் அந்தத் தாளில் தெரிந்துவிடும். அடுத்த ஆண்டின் முதல் பாடத்தை அதை வைத்தே தொடங்குகிறோம்.